ரசீது உறுதியாகாது

எமது காரியாலயத்துக்கு ஒரு வயதான தம்பதியர் வந்தார்கள். ஐயா தொழிற்சாலையில் வேலை செய்தவர். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர். இருவரும் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் ஒன்று சேர்த்து, பஸாருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய வீட்டை வாங்கியிருந்தார்கள். "லயத்துல பொறந்தோம், லயத்துல சாகக்கூடாதுன்னு நெனச்சோம்" என்றார் அம்மா.

வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் சட்டத்தரணியின் கடிதத்தோடு வந்து, இந்த வீடு என்னுடையது, காலி செய்யுங்கள் என்றார். அவரிடம் நொத்தாரிசு எழுதிய உறுதி இருந்தது. காணிப் பதிவகத்தில் பதிவும் இருந்தது. வீட்டை விற்றவர், எம்மவரிடம் காசு வாங்கிய பிறகு அதே வீட்டை இன்னொருவருக்கும் விற்றிருந்தார்.

ஐயா தன் பையிலிருந்து பத்திரமாக மடித்து வைத்த ஒரு கடதாசியை எடுத்தார். "முழுக் காசையும் எண்ணிக் குடுத்தோம் தலைவரே. ஜே.பி. சீல் அடிச்சுக் குடுத்தாரு. நம்ம தோட்டத் தலைவரு சாட்சிக் கையெழுத்து வச்சாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அந்தக் கடதாசியில் எல்லாம் இருந்தது. முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது, திகதி இருந்தது. எமது சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவருடைய பெயரும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அது உறுதி இல்லை.

இதை நாம் எழுதுவது அந்த ஐயாவைக் குறை சொல்வதற்கு அல்ல. குறை எம்மிடமும் இருக்கிறது. சம்பளம் பற்றியும் நாட்பெயர் பற்றியும் கூட்டம் கூட்டமாகப் பேசிய நாம், வீட்டையும் காணியையும் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எமது அங்கத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்களே சாட்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் காரியாலயத்தில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்விகளை எடுத்து, இங்கே பேசுவோம்.

"காசு குடுத்தாச்சு, கடதாசி இருக்கு. வீடு எங்களுடையதுதானே?"

இல்லை. இந்த நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எமது மூதாதையர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலத்துச் சட்டம் அது. காணியையோ வீட்டையோ விற்பது, கைமாற்றுவது, ஈடு வைப்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நொத்தாரிசுக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, கையொப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அது செல்லாது என்று அது சொல்கிறது.

ஆகவே சமாதான நீதவான் முத்திரை வைத்த சத்தியக் கடதாசி வீட்டுக்கு உரிமை தராது. கிராம உத்தியோகத்தரின் கடிதம் தராது. பொலிஸ் நிலையத்தில் போட்ட முறைப்பாட்டுப் பிரதி தராது. தோட்டத் துரையின் கடிதம் தராது. எமது சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதினாலும் தராது. இவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் வீட்டைக் கைமாற்றும் அதிகாரம் இவர்களில் எவருக்கும் இல்லை.

உறுதி எழுதினால் மட்டும் போதாது. அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருந்து, முதலில் எழுதியது பதியப்படாமலும், பின்னால் விலை கொடுத்து எழுதியது முறையாகப் பதியப்பட்டும் இருந்தால், பதிந்தவரின் கைதான் ஓங்கும். நொத்தாரிசு எழுதினார், உறுதி பெட்டிக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பதிவு இலக்கம் எங்கே என்று கேளுங்கள். சில வாரங்கள் கழித்துப் பதிவகத்துக்குப் போய், உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

"அட்வான்ஸ் குடுத்து ரசீது வாங்கினோம். இப்போ விக்க மாட்டேன்கிறார்."

1840 ஆம் ஆண்டின் சட்டம் விற்பனையை மட்டும் சொல்லவில்லை. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால்தான் எழுதப்பட வேண்டும் என்கிறது. வெறும் ரசீதைக் காட்டி, கொடுத்த காசைத் திருப்பித் தா என்று கேட்க இடம் உண்டு. வீட்டை எழுதித் தா என்று கேட்க இடம் இல்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தால், நொத்தாரிசிடம் போய் விற்பனை உடன்படிக்கை எழுதிக் கொடுங்கள். மொத்த விலை எவ்வளவு, இப்போது கொடுத்தது எவ்வளவு, மீதி எப்போது, விற்பவர் பின்வாங்கினால் என்ன, வாங்குபவர் பின்வாங்கினால் என்ன என்று அதில் இருக்கட்டும். அதையும் பதிந்து விடுங்கள். செலவு கொஞ்சம் ஆகும்தான். கொடுக்கும் அட்வான்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரிய செலவல்ல.

"லயத்துக் காம்பிராவை வாங்கலாமா?"

இந்தக் கேள்வியை மெதுவாகத்தான் கேட்பார்கள். ஏனென்றால் பல தோட்டங்களில் இது நடக்கிறது. ஒரு குடும்பம் கொழும்புக்கோ வெளியூருக்கோ போகும்போது, காம்பிராவையும் முன்னால் இழுத்துக் கட்டிய அறையையும் தோட்டத்தையும் இன்னொரு குடும்பத்துக்கு விட்டுவிட்டு ஒரு தொகையை வாங்கிக்கொள்கிறது. கட்டியது அவர்கள் காசில்தான். அதற்கு ஒரு தொகை கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுக்கு உடைமையாக்கின. பின்னர் அவற்றில் பெரும்பகுதி மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தது. 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நிர்வாகம் போனபோதும் நிலம் விற்கப்படவில்லை; நீண்டகாலக் குத்தகைக்கே போனது. லயம் நிற்கும் நிலம் துரைக்கும் சொந்தமில்லை, கம்பனிக்கும் சொந்தமில்லை. பரம்பரையாக அதில் வாழும் எமக்கும் இன்னும் சொந்தமாக்கப்படவில்லை. தமக்குச் சொந்தமில்லாததை எவரும் விற்க முடியாது.

"பத்து வருசம் இருந்தாலே சொந்தம்னு சொல்றாங்களே" என்றும் கேட்கிறார்கள். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது தனியார் காணிக்கு உரியது. அங்கும் உரிமையாளரின் அனுமதியோடு இருந்தால் பயனில்லை. அவருக்கு எதிராக, யாருக்கும் அடங்காமல், பத்து வருடம் ஆண்டிருக்க வேண்டும். அரச காணிக்கு எதிராக அது ஓடாது. பத்து வருடம் என்ன, நூறு வருடம் இருந்தாலும் ஓடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ், அரச காணியில் அனுமதியில்லாமல் இருப்பவருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்து, நீதவான் நீதிமன்றத்தில் உத்தரவு பெறலாம். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றுதான்: அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம். "ரெண்டு லட்சம் குடுத்தேன்" என்பது அந்த வழக்கில் பதிலாக ஏற்கப்படாது. காம்பிராவை வாங்குபவர் வாங்குவது வீட்டை அல்ல. எந்த நேரமும் வரக்கூடிய ஒரு அறிவித்தலைத்தான் வாங்குகிறார்.

"வீட்டுக் கடனைச் சம்பளத்தில் கட்டி முடித்தோம். விற்கலாமா?"

தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் தோட்ட வீடமைப்புக் கடன் திட்டங்களின் கீழ் தனி வீடும் இரட்டை வீடும் கட்டிக்கொண்டவர்கள் பலர். சீமெந்து சுமந்தார்கள், கல் உடைத்தார்கள், மாதா மாதம் சம்பளத்தில் கடனைக் கழிக்க விட்டார்கள். கடன் தீர்ந்ததற்கான கடதாசியும் சிலரிடம் இருக்கிறது. உறுதி மட்டும் வரவில்லை.

கடன் தீர்ந்ததற்கான கடதாசி, கடன் தீர்ந்ததைத்தான் காட்டும். நிலம் கைமாறியதைக் காட்டாது. உறுதி கைக்கு வரும்வரை அந்த வீட்டைச் சட்டப்படி விற்க முடியாது, வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கடதாசியையும், சம்பளச் சிட்டைகளையும், வீடு ஒதுக்கித் தந்த கடிதத்தையும் ஒருநாளும் தூக்கி எறிய வேண்டாம். உறுதி கேட்டுப் போராடும் நாளில் எமக்கு இருக்கும் ஆயுதம் அவைதான். மழையில் நனையாத இடத்தில் வையுங்கள். ஒரு பிரதியைக் காரியாலயத்தில் தந்து வையுங்கள்.

2015 க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியோடு வீடுகளும் எழுந்தன. 2017 இல் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்ததை எம்மில் பலர் நேரில் கேட்டோம். அந்த வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் கையில் தந்தது பதியப்பட்ட உறுதியா, அல்லது வீடு உங்களுக்கென்று சொல்லும் கடிதமா? இரண்டும் அழகான கடதாசியில் அச்சடிக்கப்பட்டிருக்கலாம். உறுதி என்றால் அதில் நொத்தாரிசின் அல்லது உரிய அதிகாரியின் அத்தாட்சி இருக்கும், நில அளவைப் படத்தின் இலக்கம் இருக்கும், நான்கு எல்லைகள் இருக்கும், பதிவு இலக்கம் இருக்கும். இவை இல்லாவிட்டால் உடனே எம்மிடம் கொண்டு வாருங்கள். உறுதியாகவே இருந்தாலும், விற்பதற்கு அதில் ஏதும் நிபந்தனை போடப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்காமல் எவரிடமும் விலை பேச வேண்டாம்.

"கிராமத்துப் பக்கம் காணி மலிவா வருது. வாங்கலாமா?"

வாங்கலாம். மலிவு ஏன் என்று முதலில் கேளுங்கள்.

தோட்டத்தை அடுத்துள்ள கிராமங்களில் காணி பல வகை. சில, உறுதிக் காணி. சில, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி. சில, ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்ற பெயர்களில் அளிப்புப் பத்திரம் கொடுத்த காணி. அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் அதைத் தன் இஷ்டப்படி விற்க முடியாது. அளிப்புக் காணியை விற்பதென்றால் பிரதேச செயலாளரின் எழுத்திலான அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் நொத்தாரிசு உறுதி எழுதினாலும் அது செல்லாது. விற்பவர் காட்டும் பத்திரத்தில் அரச இலச்சினை இருக்கிறதென்று மயங்க வேண்டாம். இலச்சினை இருந்தால்தான் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டிய தேவை இன்னும் அதிகம்.

உறுதிக் காணியிலும் ஒரு பொறி இருக்கிறது. அது பங்குக் காணி. தகப்பன் எழுதி வைக்காமல் இறந்திருப்பார்; பிள்ளைகள் ஐந்து பேர் இருப்பார்கள். மூத்தவர் மட்டும் வந்து "இந்தப் பக்கம் என்னோடது" என்று வேலியைக் காட்டி விற்பார். நீங்கள் வாங்குவது அந்தப் பக்கத்தை அல்ல. முழுக் காணியிலும் பிரிக்கப்படாத அவருடைய பங்கை. நாளை மற்றவர்களில் ஒருவர் பங்கு பிரிக்க வழக்குப் போட்டால், உங்கள் வீடு நிற்கும் இடம் யாருக்குப் போகும் என்பது நீதிமன்றத்தின் கையில்.

ஆகவே விலை பேசுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. விற்பவரின் உறுதியின் பிரதியை வாங்குங்கள். உங்கள் பக்கத்து நொத்தாரிசைக் கொண்டு, காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடுங்கள். முப்பது வருடத்துக்காவது பின்னால் போய்ப் பார்ப்பது வழக்கம். காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, வங்கியில் ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பது அங்கே தெரியும். நில அளவையாளரைக் கூட்டிப்போய், படத்தில் உள்ள காணியும் காலடியில் உள்ள காணியும் ஒன்றுதானா என்று பாருங்கள். போக வர வழி உறுதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்று பக்கத்து வீட்டார் விடுகிறார் என்பது வழியுரிமை ஆகாது. பிரதேச சபையில், வீதிக்காக அந்தக் காணி எடுக்கப்படவில்லை என்பதையும் வரிப் பாக்கி இல்லை என்பதையும் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

எமது மாவட்டங்களில் இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். காணியை வாங்கிவிட்டு, கட்ட அனுமதி கிடைக்கவில்லை என்று அலைவதை விட, வாங்குவதற்கு முன்பே அந்த இடம் எப்படிப்பட்டது என்று விசாரிப்பது நல்லது.

"கடன்தான் வாங்கினேன். வீட்டை எழுதி வாங்கியிருக்காங்க."

இதுதான் காரியாலயத்தில் எம்மை மிகவும் வாட்டும் கேள்வி. மகளின் கல்யாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், ஆஸ்பத்திரிச் செலவு. அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் போகிறார்கள். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி அவர் நொத்தாரிசிடம் கூட்டிப்போகிறார். கையொப்பமிட்டது ஈட்டு உறுதி என்று எம்மவர் நினைக்கிறார். எழுதியிருப்பதோ விற்பனை உறுதி. வட்டியும் முதலும் கட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் "வீடு என்னுடையது" என்று மற்றவர் சொல்வார்.

எழுத்தில் விற்பனை என்று இருப்பதை, வாய்ச்சொல்லால் கடன் என்று மாற்றிக் காட்டுவது கடினம். சில வழக்குகளில் நீதிமன்றங்கள் சந்தர்ப்பத்தைப் பார்த்து, இது உண்மையில் கடனுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்ததுதான் என்று ஏற்றிருக்கின்றன. விலை மிகக் குறைவாக இருந்தது, விற்றவரே தொடர்ந்து குடியிருந்தார், வட்டி கட்டியதற்குச் சிட்டை இருக்கிறது என்பவை அங்கே உதவும். ஆனால் அது நீண்ட வழக்கு. மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு எழுதிய உறுதி என்றால், அந்தக் காலக்கெடு முடியுமுன் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. கெடு முடிந்த பிறகு எம்மிடம் வந்து அழுவதில் பயனில்லை. கெடுவுக்கு முன்னாலேயே வாருங்கள்.

பெரும்பாலும் அந்த உறுதி எம்மவர் வாசிக்க முடியாத மொழியில் இருக்கும். வாசிக்க முடியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்கிய பிறகே அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்பது நொத்தாரிசுமாருக்கான சட்டத்தில் உள்ள கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை. மரியாதைக் குறைவு அல்ல. "எனக்குத் தமிழில் சொல்லுங்க, அப்புறம் வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம். அதைக் கேட்பவர் உறவினராக இருந்தாலும், சங்கத்துக்காரராக இருந்தாலும் வைக்க வேண்டாம்.

"காசு அனுப்பியது நான். உறுதி யார் பெயரில்?"

குவைத்திலும் சவூதியிலும் இன்னொருவர் வீட்டைக் கழுவித் துடைத்து, தங்கை காசு அனுப்புகிறாள். இங்கே அண்ணனோ கணவனோ தன் பெயரில் காணி வாங்குகிறான். திரும்பி வரும்போது அவளுக்கு அந்த வீட்டில் ஒரு அறைதான் இருக்கிறது. சில நேரம் அதுவும் இல்லை. உறுதியில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்றுதான் உலகம் பார்க்கும். காசு என்னுடையது என்று நிரூபிக்க வழக்குப் போடலாம். அதற்கு வங்கிச் சிட்டைகள் வேண்டும், காலம் வேண்டும், சொந்தத்தோடு மல்லுக்கட்ட மனம் வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடியே அவள் பெயரில் வாங்க முடியும். கணவன் மனைவி இருவர் உழைப்பில் வாங்கும் வீட்டை இருவர் பெயரிலும் எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையில் கொழுந்துக் கூடை சுமந்தவளின் பெயர் உறுதியில் இல்லாமல் போவதுதான் வெட்கம்.

வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக ஒருவர் விற்க வந்தால், அவரிடம் அற்றோணித் தத்துவப் பத்திரம் இருக்க வேண்டும். அது பதியப்பட்டதா, இரத்துச் செய்யப்பட்டதா, அதில் விற்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரமும் அவரோடு முடிந்துவிடும்.

வீட்டுக்காரர் எழுதி வைக்காமல் இறந்தால், எமது சமூகத்துக்குப் பொருந்துவது பொதுச் சட்டம். தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. எமக்கு அது இல்லை. 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி பாதி வாழ்க்கைத் துணைக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் போகும். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. "பொம்பளப் புள்ளைக்கு நகை போட்டாச்சு, காணியில பங்கில்ல" என்பது ஊர்ப்பேச்சு, சட்டம் அல்ல. ஆனால் மனைவி என்று காட்ட விவாகப் பதிவுதான் சிறந்த சான்று. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இல்லாமல் தவிப்பவர்கள் எத்தனை பேர்! வீடு வாங்குவதற்கு முன்பே அந்தக் கடதாசிகளைச் சரிசெய்து வையுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

விற்கும்போதும் ஏமாறுகிறோம். மீதிக் காசு பிறகு தருகிறேன் என்ற பேச்சை நம்பி உறுதியில் கையொப்பமிட வேண்டாம். முழுக் காசும் பெற்றேன் என்று அந்த உறுதியிலேயே எழுதியிருக்கும். நொத்தாரிசு முன்னிலையில் காசையோ வங்கிக் காசோலையையோ கையில் வாங்கி, எண்ணிப் பார்த்த பிறகு கையொப்பமிடுங்கள்.

முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். விற்பனை உறுதிக்கு முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு நூற்றுக்கு 4 என்ற கணக்கில் தீர்வை. பதினைந்து லட்ச ரூபா வீட்டுக்கு 59,000 ரூபா. பொதுவாக வாங்குபவரே கட்டுவார். அதைக் குறைக்கப் பொய் விலை எழுதினால், பின்னால் பிரச்சினை வரும்போது எழுத்தில் உள்ள விலைதான் நிற்கும். பெறுமதியை மாகாண அதிகாரிகள் மதிப்பிட்டுப் பார்க்கவும் செய்வார்கள்.

எமது நிலைப்பாடு

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கவனமாக இருங்கள்" என்று முடித்துக்கொள்வது நேர்மையாகாது. எம்மவர் ரசீதை நம்பி ஏமாறுவதற்குக் காரணம் அவர்களின் அறியாமை மட்டுமல்ல. உறுதி என்ற ஒன்றையே அவர்கள் கண்டதில்லை. அப்பா பார்க்கவில்லை, தாத்தா பார்க்கவில்லை. பிறந்த நாளிலிருந்து துரையின் கடிதமும் கணக்கப்பிள்ளையின் சிட்டையும்தான் அவர்களுக்குத் தெரிந்த அதிகாரம். அப்படி வளர்ந்த ஒருவருக்கு முத்திரை வைத்த எந்தக் கடதாசியும் உறுதியாகத்தான் தெரியும். ஒரு சமூகத்தை நிலமில்லாமல் வைத்திருந்ததன் விலையை, அது நிலம் வாங்கப் போகும் முதல் நாளில் கட்டுகிறது.

ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடினோம்; 2021 இல் சம்பளச் சபை மூலம் அது வந்தது. 2023 இல் இருநூறு வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தபோது காணியுரிமையும் எமது கோரிக்கையாக இருந்தது. நடை முடிந்தது, கோரிக்கை நிற்கிறது. சம்பளத்துக்குக் காட்டிய பிடிவாதத்தை உறுதிக்கும் காட்ட வேண்டும் என்பதே எமது கருத்து. வீடு தருகிறோம் என்று சொல்பவரிடம் எத்தனை வீடு என்று மட்டும் கேட்கக்கூடாது. அளந்த படத்தோடு, பதிந்த உறுதியாக, தமிழில் வாசிக்கக்கூடியதாக, கணவன் மனைவி இருவர் பெயரிலும் தருவீர்களா, எப்போது தருவீர்கள் என்று கேட்க வேண்டும். கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு முதலில் தரவேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

எமது வீட்டுக்குள்ளும் ஒழுங்கு வேண்டும். எமது தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது: வீடு, காணி விற்கும் வாங்கும் எந்தக் கைக்கடதாசிக்கும் இனிச் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டாம். உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் சனம் காசைக் கொடுக்கிறது. "நொத்தாரிசிடம் போங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதுதான் தலைவர் செய்யும் உதவி. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் காரியாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். மாவட்டக் காரியாலயங்களில் மாதத்தில் ஒரு நாளாவது சட்டத்தரணி ஒருவரை இருத்தி, அங்கத்தவர்கள் கடதாசிகளைக் காட்டிக் கேட்க வழி செய்ய வேண்டும் என்று எமது மேல்மட்டத்தையும் கேட்கிறோம். சந்தா கட்டும் அங்கத்தவருக்கு அது சலுகை அல்ல.

அந்த ஐயாவும் அம்மாவும் இப்போது மகளின் காம்பிராவில் இருக்கிறார்கள். விற்றவரிடமிருந்து காசைத் திருப்பி வாங்க வழக்குப் போயிருக்கிறது. தவணை நாளுக்கு எமது பிரதிநிதி ஒருவரும் கூடப் போகிறார். சாட்சி வைத்த தோட்டத் தலைவரும் தவறாமல் வருகிறார். கடைசித் தவணையன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் எம்மிடம் சொன்னார்: "அன்னிக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க. ஆனா வீடு தப்பியிருக்கும்."